புது வருமான வரிச் சட்டம் வந்தால் உயிலை மாற்றி எழுத வேண்டுமா?

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருகிறது. "சட்டமே மாறுகிறதே, எழுதி வைத்த உயில் செல்லுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. செல்லும். உயில் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் விஷயம். வரிச் சட்டம் அதைத் தொடவில்லை. எழுதியவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் முறையாக இருந்தால் போதும். பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்து வைத்தால் பிற்காலத் தகராறு குறையும்.

வாரிசாக வரும் சொத்துக்கு வரி போடப்போகிறார்கள் என்ற பயமும் வேண்டாம். இங்கே இருந்த எஸ்டேட் டூட்டி, அதாவது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து மீதான வரி, 1985-லேயே ஒழிந்துவிட்டது. புதுச் சட்டமும் அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

வரி வருவது அந்தச் சொத்தை விற்கும்போதுதான். பலர் தடுமாறுவதும் இங்கேதான். அப்பா 1988-ல் வாங்கிய மனை மகளுக்கு வருகிறது, அவர் அதை 60 லட்சத்துக்கு விற்கிறார் என்று வையுங்கள். மகளுக்குச் சும்மா வந்த சொத்து என்பதால் வாங்கிய விலை பூஜ்யம் ஆகிவிடாது; அப்பாவின் விலைதான் மகளின் விலை. 2001-க்கு முன் வாங்கியது என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பையே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அது 6 லட்சம் என்றால் லாபம் 54 லட்சம், 12.5 சதவீத வீதத்தில் வரி 6.75 லட்சம், வருமானம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் அதற்கு மேல் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும் செஸும். இந்தக் கணக்குக்கு மூலப் பத்திரம் கையில் இருக்க வேண்டும். அப்பா இருக்கும்போதே அது எந்தப் பீரோவில், எந்தப் பையில் இருக்கிறது என்று கேட்டு வைப்பதை எந்த வரி ஆலோசனைக்கும் முன்னால் வைப்பேன்.

உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மென்ட் எழுதினால்? பெற்ற பிள்ளைக்குக் கொடுத்தால் வாங்குபவருக்கு வருமான வரி இல்லை. மனைவிக்கோ மருமகளுக்கோ கொடுத்தால் கவனம்: அதிலிருந்து வரும் வாடகை, வட்டி எல்லாம் கொடுத்தவர் கணக்கிலேயே சேரும். புதுச் சட்டத்திலும் இது அப்படியே தொடர்கிறது.

ஒருவர் இறந்தால், அந்த ஆண்டில் இறந்த நாள் வரை அவருக்கு வந்த வருமானத்துக்கு வாரிசுதான் ரிட்டர்ன் போட வேண்டும். வருமான வரி இணையதளத்தில் தன்னைச் சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்துகொண்டு தாக்கல் செய்யலாம். அவர் வைத்துவிட்டுப் போன வரிப் பாக்கிக்கு வாரிசின் பொறுப்பு, கைக்கு வந்த சொத்தின் அளவோடு நின்றுவிடும். சொந்தச் சம்பளத்தில் கை வைக்க முடியாது.

அப்புறம் நாமினி. 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை போடலாம். ஒரே நேரத்தில் எல்லோருக்கும் என்றால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும், கூட்டினால் 100 வர வேண்டும். வேண்டாமென்றால் ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசையாகப் போடலாம். லாக்கருக்கு இந்த வரிசை முறை மட்டும்தான். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைக்கும் ஆள், உரிமையாளர் அல்ல. உயிலில் மகள் பெயரும் வங்கியில் தம்பி பெயரும் இருந்தால், தம்பி வாங்கி மகளிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கில் இன்னும் யார் பெயர் இருக்கிறது என்று பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.