நன்னாரி மணப்பது எதனால், உடல் குளிர்வது எதனால்?

வெயில் ஏறத் தொடங்கியதும் நன்னாரியைப் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. விருதுநகர் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்டிருக்கிறார். நாட்டு மருந்துக் கடையில் நல்ல வேராகப் பார்த்து வாங்கி, முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டுச் சர்பத் காய்ச்சியும் அதில் மணமே தங்கவில்லையே, ஏன் என்பது முதல் கேள்வி. உடல் சூட்டைத் தணிக்கும், இரத்தத்தைச் சுத்தப்படுத்தும் என்று நன்னாரியைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மைதானா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு வேதியியலில் மிக அழகான விடை இருக்கிறது. இரண்டாவதற்குச் சற்றுச் சுற்றித்தான் வர வேண்டும்.

நன்னாரி, வேலியிலும் புதரிலும் பற்றிப் படரும் மெல்லிய கொடி. ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். இலையின் நடுநரம்பை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடுவதை வைத்துக் கிராமத்துப் பிள்ளைகளும் அதை அடையாளம் கண்டுவிடுவார்கள். கடையில் கிடைக்கும் காய்ந்த வேர் ஒன்றை எடுத்து, வெளிப்புறத்துப் பழுப்புப் பட்டையை நகத்தால் உரித்துத் தனியாக முகர்ந்து பாருங்கள்; பிறகு உள்ளே இருக்கும் வெளிறிய நரம்பை முகர்ந்து பாருங்கள். பட்டை கமகமவென்று மணக்கும். நரம்போ வெறும் குச்சியாக இருக்கும். வேரைத் தட்டி நரம்பை நீக்கிவிட்டுப் பட்டையை மட்டும் ஊறவைக்கும் பழக்கத்துக்குக் காரணம் இதுதான்.

பட்டையில் மணப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சேர்மம்: 2-ஹைட்ராக்சி-4-மீத்தாக்சி பென்சால்டிஹைடு. நன்னாரியில் வனிலாவின் சாயல் இருப்பதாகப் பலருக்கும் தோன்றுவதுண்டு. அந்தத் தோற்றம் தற்செயலானதல்ல. வனிலாவுக்கு மணம் தரும் வனிலின், இதே அணுக்களால் ஆன மாற்றியம். இரண்டிலும் எட்டு கார்பன், எட்டு ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். இரண்டிலும் ஒரு பென்சீன் வளையம், அதில் ஓர் ஆல்டிஹைடு தொகுதி, ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, ஒரு மீத்தாக்சி தொகுதி. எந்தத் தொகுதி வளையத்தின் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்பதில் மட்டுமே வேறுபாடு. வனிலினில் ஹைட்ராக்சில் தொகுதி, ஆல்டிஹைடுக்கு நேர் எதிர் மூலையில் இருக்கிறது. நன்னாரியின் சேர்மத்தில் அது ஆல்டிஹைடுக்கு அடுத்த மூலையிலேயே இருக்கிறது.

இந்தச் சிறிய இடமாற்றம் செய்யும் வேலை எனக்கு எப்போதுமே வியப்பளிப்பது. ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன், அருகில் எந்த ஆக்சிஜன் இருந்தாலும் அதை நோக்கி ஈர்க்கப்படும். நன்னாரியின் மூலக்கூறில் அந்த ஆக்சிஜன் பக்கத்திலேயே, ஆல்டிஹைடின் முனையிலேயே காத்திருக்கிறது. ஹைட்ரஜன் அதனுடன் பிணைந்துகொள்ள, மூலக்கூறுக்குள்ளேயே ஆறு அணுக்கள் கொண்ட இன்னொரு வளையம் உருவாகிவிடுகிறது. பக்கத்து மூலக்கூறுகளோடும் சுற்றியுள்ள நீரோடும் பிணைய வேண்டிய முனைகள் இப்படித் தமக்குள்ளேயே பிணைந்துகொள்வதால், ஒவ்வொரு மூலக்கூறும் ஏறத்தாழத் தனித்து நிற்கிறது. வனிலினில் இந்த வசதி இல்லை. ஒரு மூலக்கூறின் ஹைட்ராக்சில் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. கைகோத்து நிற்கும் வரிசையிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுப்பதைவிட, தன் கையைத் தானே கட்டிக்கொண்டு நிற்பவரை அழைத்துச் செல்வது எளிது. அதனால்தான் வனிலின் உருகுவதற்குச் சுமார் 81 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்படுகிறது. நன்னாரியின் சேர்மமோ சுமார் 42 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. ஒரே அணுக்கள், ஒரே எடை, ஆனால் உருகுநிலையில் ஏறத்தாழ 40 டிகிரி வித்தியாசம்!

மேல்நிலை வகுப்பில் வேதியியல் படித்தவர்களுக்கு ஆர்த்தோ நைட்ரோஃபீனாலையும் பாரா நைட்ரோஃபீனாலையும் நீராவியால் காய்ச்சி வடித்துப் பிரிக்கும் பாடம் நினைவிருக்கலாம். தனக்குள்ளேயே பிணைந்துகொண்ட ஆர்த்தோ வடிவம் நீராவியோடு கிளம்பிப் போய்விடும். பாரா வடிவம் பாத்திரத்திலேயே தங்கிவிடும். நன்னாரியில் நடப்பதும் அதுவே. ஆய்வகங்களில் இந்த வேரின் மணப்பொருளைப் பிரித்தெடுப்பதும் நீராவி வடித்தல் முறையில்தான். வேரைத் திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டபோது நம் வாசகர் அறியாமலே அந்த ஆய்வகச் செய்முறையைச் செய்து முடித்திருக்கிறார். வடித்த நீரைப் பிடித்து வைக்க மட்டும் ஏற்பாடு இல்லை. சமையலறை முழுவதும் கமழ்ந்த அந்த வாசனைதான் சர்பத்தில் இருந்திருக்க வேண்டியது.

செய்ய வேண்டியது எளிது. வேரை மண் போகக் கழுவி, தட்டி, நரம்பை நீக்கி, கொதித்து இறக்கிய நீரில் போட்டு, இறுக மூடி இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். சர்க்கரைப் பாகைத் தனியாகக் கெட்டியாகக் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு பிழிந்து இறக்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் வடிகட்டிய ஊறல் நீரைச் சேர்த்தால் போதும். எலுமிச்சையின் அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடுவதால் பாகில் மீண்டும் சர்க்கரைப் படிகம் கட்டாது. இப்படிச் செய்வது நீர்த்த பாகாக இருக்கும் என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

இதே மணம் மாகாளிக்கிழங்கிலும் உண்டு. தயிரில் ஊறிய மாகாளி ஊறுகாயைச் சாப்பிட்டவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. கென்யாவில் முகோம்பெரோ என்று மென்று தின்னும் வேரும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது, அதிலும் இதே சேர்மம்தான். தாவரத்துக்கு இது தற்காப்பு ஆயுதமாக இருக்க வேண்டும். நுண்ணுயிர்களையும் பூச்சிகளையும் இது தடுப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் மாகாளியைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பருத்த கிழங்காக இருப்பதால் நன்னாரிக்குப் பதிலாக மாகாளியையே சர்பத்துக்குப் பயன்படுத்துவதும் உண்டு. நாவுக்கு அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் மாகாளி தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டுமே வளரும் கொடி. கிழங்கைத் தோண்டினால் பெரும்பாலும் கொடியே போய்விடும். அழியும் அபாயத்தில் உள்ள தாவரங்களின் பட்டியலில் அது இடம்பெற்றிருப்பது நம்மைக் கவலைகொள்ளச் செய்ய வேண்டும்.

இனி உடல் சூடு. ஒரு குவளைக் குளிர்ந்த சர்பத், அதாவது 200 மி.லி., 10 டிகிரியிலிருந்து உடலின் 37 டிகிரிக்கு வருவதற்குள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஏறத்தாழ 5 கிலோகலோரி மட்டுமே. அதே 200 மி.லி. நீர் வியர்வையாகி முழுவதும் ஆவியானால் 110 கிலோகலோரிக்கு மேல் வெளியேறுகிறது. குளிர்ச்சியின் பெரும்பங்கைத் தருவது நீர்தான், அதுவும் குடித்தபின் தோலிலிருந்து ஆவியாகும் நீர். சிறுகுடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளிழுக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. அவற்றின் பின்னால் நீரும் உள்ளே செல்கிறது. ஆகவே சர்பத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவது நல்ல பழக்கம். நீர்க்கடுப்பு தணிவதிலும், அடர்ந்த சிறுநீர் நீர்த்துப்போவதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலுக்குப் பதிலாகச் சர்பத்தைக் கொடுக்கக் கூடாது. அதிகச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்து நிலைமையை மோசமாக்கிவிடும்.

இரத்தச் சுத்தி என்ற புகழுக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சார்சபரில்லா வேரை, ஐரோப்பியர்கள் சிபிலிஸ் என்னும் மேகநோய்க்கு மருந்தாக நெடுங்காலம் குடித்து வந்தார்கள். அதற்கு மாற்றாகக் கருதப்பட்ட நன்னாரி, 'இந்திய சார்சபரில்லா' என்ற பெயரோடு 1864-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மருந்தியல் தொகுப்பிலும் இடம்பெற்றது. சிபிலிஸின் புண்களும் தடிப்புகளும் மருந்தே இல்லாமல் சில வாரங்களில் தாமாக மறைந்துவிடும். கிருமி மட்டும் உள்ளே பல ஆண்டுகள் தங்கியிருக்கும். அந்தச் சில வாரங்களில் எந்த வேர்க் கஷாயத்தைக் குடித்தாலும் அதுவே நோயைத் தீர்த்ததாகத் தோன்றும். பெனிசிலின் வந்தபின் அந்தப் பயன்பாடு மறைந்தது. புகழ் மட்டும் எஞ்சியது. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் செய்துகொண்டிருக்கின்றன.

இதனால் நன்னாரியில் மருத்துவக் குணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எலிகளிடமும் செல் வளர்ப்புகளிலும் கல்லீரல் பாதுகாப்பு, வீக்கம் தணிதல் முதலிய விளைவுகள் பதிவாகியுள்ளன. ஆனால் அவற்றில் பயன்பட்டவை செறிவூட்டிய சாறுகள்; சர்பத்தில் இறங்குவது அதில் மிகச் சிறு பங்கு. ஒரே மாதிரியான ஆய்வுகளுக்கு மீண்டும் மீண்டும் நிதி ஒதுக்குவதை நிறுத்தி, அளவு உறுதிசெய்த சாற்றைக் கொண்டு மனிதர்களிடம் முறையான சோதனைகளை நடத்த அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சித்த மருத்துவத்தின் மீது உண்மையான மதிப்பு உள்ளவர்கள்தாம் இதை முதலில் கேட்க வேண்டும். இயற்கை வேர் என்றாலே தீங்கில்லை என்பதும் சரியல்ல. ரூட் பியர் என்னும் பானத்துக்கு மணமூட்டிய சாசஃப்ராஸ் வேர்ப்பட்டையின் சாஃப்ரோல், எலிகளில் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கியதால் 1960-இல் அமெரிக்காவில் உணவில் தடைசெய்யப்பட்டது.

நன்னாரி சர்பத்தில் இன்று எச்சரிக்கை தேவைப்படுவது சர்க்கரைக்குத்தான். நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை உள்ள கெட்டிப் பாகு 30 மி.லி. ஊற்றினால், ஒரே குவளையில் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை சேர்ந்துவிடும். ஒரு நாள் முழுவதற்கும் அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீரிழிவு உள்ள வீடுகளில் பாகே வேண்டாம். மூடி ஊறவைத்த வேர் நீரை வடிகட்டி, எலுமிச்சையும் சிறிது உப்பும் சேர்த்துப் பானையில் வைத்துக்கொள்ளலாம். மணம் சர்க்கரையில் இல்லாததால் அதில் ஒன்றும் குறையாது.