எக்மோல இருக்கவங்க நெஞ்சுப் படம் ஏன் ஏமாத்துது?

பள்ளத்தூர் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு, "அண்ணே, பெரியப்பாவ மதுரைல எக்மோல வச்சிருக்காங்க, எக்ஸ்ரேய போன்ல அனுப்புனாங்க, ரெண்டு பக்கமும் முழு வெள்ளையா இருக்கு, நுரையீரல் போச்சா?"ன்னு.

எக்மோங்குற பேர நம்மள்ல நெறைய பேரு கேள்விப்பட்டதே 2016 டிசம்பர்ல ஜெயலலிதாவுக்கு வச்சப்பதான், அப்புறம் 2020ல எஸ்பிபிக்கு. விஷயம் சிம்பிள், தொடையில இருக்க பெரிய சிரையில குழாய் விட்டு நிமிஷத்துக்கு நாலஞ்சு லிட்டர் ரத்தத்த வெளிய உறிஞ்சி, ஆக்சிஜன் ஏத்தி, கார்பன் டை ஆக்சைட எடுத்துட்டு உள்ள அனுப்புறது. நுரையீரல் மட்டும் கெட்டிருந்தா சிரைக்கே திருப்பி விடுவாங்க, இதயமும் படுத்துருச்சுன்னா தமனிக்கு.

இப்ப அந்த வெள்ள. ஆக்சிஜன மெஷின் பாத்துக்குறதால வென்டிலேட்டர் அழுத்தத்த வேணும்னே கொறைச்சு நுரையீரலுக்கு ரெஸ்ட் குடுப்பாங்க, காத்தறையெல்லாம் சுருங்கிரும், நீரும் கோத்துக்கும். எக்ஸ்ரேல காத்து கருப்பு, தண்ணியும் சதையும் வெள்ள, அவ்வளவுதான். எக்மோ போட்ட கொஞ்ச நாள்லயே இப்படி ஆகுறது சகஜம், அத மட்டும் வச்சு நல்லது கெட்டது எதுவும் சொல்ல முடியாது. டாக்டருங்க அந்தப் படத்துல முக்கியமா தேடுறது குழாயோட நுனிய. சில குழாய்ல நுனிப்பகுதி எக்ஸ்ரேல தெரியவே தெரியாது, கடைசில ஒரு உலோகப் புள்ளி மட்டும் இருக்கும், அத கண்டுபிடிக்கணும். உறிஞ்சுற நுனியும் திருப்பி விடுற நுனியும் ரொம்ப கிட்ட இருந்தா, இப்பதான் சுத்தமாகி வந்த ரத்தத்தையே மெஷின் மறுபடி இழுத்துக்கும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது சி.டி. ஸ்கேன் கதைதான். ரத்தக்குழாய் ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியறதுக்கான கான்ட்ராஸ்ட் மருந்த சாதாரணமா கை நரம்புல போட்டா அது இதயத்தோட வலது பக்கம் போயி, நுரையீரல் போயி, இடது பக்கம் வந்து மகாதமனிக்கு வரும். தமனிக்கு திருப்பி விடுற எக்மோல அந்த மருந்த மெஷின் பாதி வழியிலயே உறிஞ்சிருது, நுரையீரல் தமனில மருந்தே போய்ச் சேராது, படத்துல பாத்தா ரத்தக்கட்டி அடைச்சுருக்க மாதிரியே தெரியும்! உறிஞ்சுன மருந்து தொடைத் தமனி வழியா கீழ இருந்து மேல, தலைகீழா ஏறுது. கானாடுகாத்தான்ல முகப்பு ஒரு தெருவுலயும் பின்வாசல் அடுத்த தெருவுலயும் இருக்க வீட்டுல ரெண்டு பக்கமும் ஆளுங்க ஒரே நேரத்துல நொழஞ்சா நடுவுல எங்கயோ முட்டிக்குவாங்கள்ல, அப்படித்தான், இதயம் தள்ளுற மருந்தில்லாத ரத்தமும் மெஷின் தள்ளுற மருந்து ரத்தமும் மகாதமனில ஒரு எடத்துல முட்டும், அங்க ஒரு கோடு விழும், தெரியாதவங்க பாத்தா தமனி கிழிஞ்சுருச்சுன்னு பதறுவாங்க. அதுனாலதான் மெஷின் வேகத்த கொஞ்ச நேரம் கொறைச்சு, இல்லன்னா மருந்து போடுற எடத்தையும் நேரத்தையும் மாத்தி ஸ்கேன் எடுக்குறது.

அந்தக் கோடு சும்மா இல்ல. இதயம் தேறத் தேற கோடு கீழ எறங்கும். நுரையீரல் இன்னும் தேறாம இதயம் மட்டும் தேறிருச்சுன்னா, ஆக்சிஜன் இல்லாத ரத்தம் மூளைக்குப் போகும், கால் செவப்பா இருக்கும், தலை நீலம் பாரிக்கும். மகாதமனியோட வளைவுல மொதக் கிளை வலது கைக்கும் தலைக்கும் போறதால ஆக்சிஜன வலது கையில பாக்குறாங்க.

நடுவுல ஒரு பொலம்பல். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து நம்ம காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாங்க சிக்ரி, 1953 ஜனவரில தொறந்துச்சு, அதே வருஷம் மே மாசம் அமெரிக்காவுல ஜான் கிப்பன், எக்மோவுக்கு முன்னோடியான இதய நுரையீரல் மெஷின வச்சு மொத வெற்றிகரமான ஆபரேஷன் பண்ணாரு. இன்னைக்கும் எக்மோ மெஷினுக்குள்ள ரத்தத்துல ஆக்சிஜன் ஏத்துற மெல்லிய குழல் நார்க்கட்டு பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்துதான் வருது. கும்பாபிஷேகத்துக்கு கோடிகோடியா வசூல் பண்ற ஊரு, ஒரு லேபுக்கு குடுத்தா கொறஞ்சா போயிரும்?

தம்பி, அடுத்த தடவ டாக்டர பாத்தா வெள்ளையப் பத்தி கேக்காதீங்க. அதே வென்டிலேட்டர் அழுத்தத்துக்கு ஒரு மூச்சுக்கு எவ்வளவு காத்து உள்ள போகுதுன்னு கேளுங்க, அது நாளுக்கு நாள் ஏறுச்சுன்னா பெரியப்பா நுரையீரல் தேறுதுன்னு அர்த்தம்.