பெயர் ஒன்று, படம் வேறு: ஹாலிவுட் மறுஆக்கங்கள் பற்றி ஓர் எடிட்டர்

எடிட்டிங் படிக்க வரும் மாணவர்களுக்கு, ஒரு போலீஸ்காரரைப் பாதி மனிதன் பாதி எந்திரமாக மாற்றும் கதையான 'ரோபோகாப்' படத்தை நான் போட்டுக்காட்டுவதுண்டு. "பார்த்துட்டோம் சார்" என்று பலரும் சொல்வார்கள். விசாரித்தால் அவர்கள் பார்த்தது 2014-ல் வந்த மறுஆக்கம். 1987-ல் பால் வெர்ஹூவன் எடுத்த மூலப்படம் ஒன்று இருப்பதே சிலருக்குத் தெரியாது. பழைய அறிவியல் புனைவு ஆக்‌ஷன் படங்களை ஹாலிவுட் மறுபடி எடுக்கலாமா என்ற கேள்வியில் என் முதல் கவலை இதுதான். அதே பெயரில் புதுசு வந்ததும், பழையதையும் பார்த்துவிட்டதாகவே ஒரு தலைமுறை நினைத்துக்கொள்கிறது.

மூலப்படத்தில் ஒரு நிறுவனத்தின் கூட்ட அறைக் காட்சி உண்டு. புதிதாகச் செய்த காவல் எந்திரத்தைச் சோதிக்க, இளம் அதிகாரி ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்து நீட்டச் சொல்கிறார்கள். கீழே போடு என்கிறது எந்திரம். அவரும் போட்டுவிடுகிறார். ஆனாலும் அது சுடுகிறது, சுட்டுக்கொண்டே இருக்கிறது. வெர்ஹூவன் இதை வேண்டுமென்றே அளவுக்கு மீறி நீட்டியிருந்தார். வயதுச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு, சிறுவர்களை அனுமதிக்கவே கூடாது என்ற 'எக்ஸ்' சான்றைக் கொடுத்தது. அதைவிடத் தளர்வான 'ஆர்' கிடைக்கும்வரை பலமுறை வெட்டித் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது. வெட்டியதில் காட்சியின் கருப்பு நகைச்சுவை போய், கொடூரம் மட்டும் மிஞ்சிவிட்டது என்பது வெர்ஹூவனின் வருத்தம்.

எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். இரண்டு விநாடி சுட்டால் பார்வையாளர் பதறுவார். நிற்காமல் சுடும்போதுதான், 'இதை நிறுத்த இங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லையே' என்று தோன்றும். படம் சொல்ல வந்ததும் அதுதானே! பொறுப்பாளர் "சின்னக் கோளாறு" என்று சமாளிக்கிறார். முதலாளியோ, தாமதமானால் வட்டியே 5 கோடி டாலர் போகுமே என்று கோபப்படுகிறார். மறுஆக்க உரிமை வாங்குகிறவர்கள் கைக்குப் பெயரும் கதையும் வந்துவிடும். இந்தத் தொனி வராது.

2014 படத்தின் இயக்குநர் ஜோசே பாடில்யா சாதாரண ஆள் இல்லை. 2008-ல் பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடியை வென்றவர். கவசத்தைக் கழற்றியதும் தன் உடலில் தலை, நுரையீரல், ஒரு கை என்று கொஞ்சம்தான் மிச்சமிருக்கிறது என்பதை, எந்திரமாக்கப்பட்ட போலீஸ்காரர் மர்பி பார்க்கும் காட்சி, மூலத்தில் இல்லாதது. உலுக்கிவிடும். ஆனால் பணக்கணக்கு வேறு. பழைய படத்தின் செலவு சுமார் 1.3 கோடி டாலர், புதியதற்குச் சுமார் 10 கோடி. அவ்வளவு போட்டால் பதின்பருவப் பிள்ளைகளும் தனியாகவே வந்து பார்த்தாக வேண்டும். 'ஆர்' என்றால் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரியவர் துணை வேண்டும். அதனால், துணையில்லாமலே பிள்ளைகள் பார்க்கக்கூடிய 'பிஜி-13'. ரத்தம் குறைந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. கூடவே அந்தக் கூர்மையான கேலியும் மழுங்கிப்போனதுதான் இழப்பு. அமெரிக்க வசூலைப் பாருங்கள்: அன்று சுமார் 5.3 கோடி டாலர், 27 ஆண்டுகள் கழித்து, டிக்கெட் விலை அவ்வளவு ஏறிய பிறகும், சுமார் 5.8 கோடி.

செவ்வாய் கிரகத்துக்குப் போகும் 1990-ன் 'டோட்டல் ரீகால்', 2012-ல் அந்தக் கிரகத்தையே விட்டுவிட்டு 'பிஜி-13' ஆக வந்தது. 1975-ன் 'ரோலர்பால்' 2002-ல் அதே 'பிஜி-13' வழியில் போய்ப் படுதோல்வி கண்டது.

அதற்காக மறுஆக்கமே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) என்ற மறுஆக்கம் இருக்கிறதே. ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938-ல் எழுதிய மூலக்கதையில் வேற்றுக்கிரக உயிர் ஒன்று யார் உருவத்தையும் எடுக்கும். 1951-ல் வந்த படம் அதைக் கைவிட்டிருந்தது. கார்பென்டர் அந்த இடத்துக்குத் திரும்பிப் போனார். தியேட்டரில் அன்று எடுபடவில்லை. இன்று பலருக்கும் அதுதான் மூலப்படம். முந்தைய படம் விட்டுவைத்த ஏதோ ஒன்று இருந்தால்தான் மறுபடி எடுக்கக் காரணம் இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை புதிய 'ரோபோகாப்' பார்த்து ரசித்தது என்பதற்காகப் பழையதை யோசிக்காமல் போட்டுவிடாதீர்கள். வெளிவந்த ஆண்டையும் வயதுச் சான்றையும் முதலில் பாருங்கள். சினிமா படிக்கும் பிள்ளைகள் மூலத்தை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் புதியதற்கு வரட்டும்.

மறுபடி எடுக்கத் தகுதியான படம் எது என்று மாணவர்கள் கேட்டால் 1995-ன் 'ஜானி நிமானிக்' என்பேன். மூளைக்குள் தகவலைச் சுமந்து கடத்தும் ஒருவனின் கதை. மூலச் சிறுகதையை எழுதிய வில்லியம் கிப்சனே திரைக்கதையும் எழுதினார். படத்தை இயக்கிய ஓவியர் ராபர்ட் லாங்கோ இதைக் கறுப்பு வெள்ளையில் சின்னப் படமாக எடுக்கத்தான் ஆசைப்பட்டார். ஸ்டுடியோ அதைப் பெரிய ஆக்‌ஷன் படமாக்கி, தன் விருப்பப்படி வெட்டி வெளியிட்டது. அவர் நினைத்த கறுப்பு வெள்ளை வடிவம் 2022-ல்தான் டிஸ்க்கில் வந்தது. ஓடி ஜெயித்த படங்களை விட்டுவிட்டு, எடிட்டிங் மேசையிலேயே கெட்டுப்போன இப்படிப்பட்ட படங்களை ஹாலிவுட் தேடி எடுக்கட்டும்.