மண்மேடு எப்படி நிற்கிறது?

"எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்தில் 60 வீடுகள் வரப்போகின்றன. நடுவில் மண்மேடு எழுப்பி, மேலே மரம் வைத்து, ஒன்றுமே தெரியாமல் மறைத்துவிடுகிறோம் என்கிறார்கள். உண்மையிலேயே மறைக்குமா? அடைமழை பெய்தால் அந்த மண் எங்கள் வேலிக்கு வந்துவிடாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

முதல் கேள்விக்குப் பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணம் போதும். முற்றத்தில் நிற்கும் உங்கள் கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 40 மீட்டர் தள்ளி, எதிர்வீட்டு மாடி ஜன்னலில் நிற்பவரின் கண் 4.5 மீட்டர் உயரத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களிடமிருந்து 10 மீட்டரில் அந்தக் கயிறு தரைக்கு மேல் 2.25 மீட்டரில் போகும். 30 மீட்டரிலோ 3.75 மீட்டரில். கயிற்றை எது தொடுகிறதோ அது மறைக்கும். அதனால் மேடு உங்கள் பக்கம் ஒட்டி வந்தால் ஒன்றரை மீட்டர் மண்ணும் அதன்மேல் இடுப்புயரப் புதரும் போதும். அவர்கள் பக்கம் போனால் அது கோட்டைச் சுவர் மாதிரி உயர வேண்டும். உங்கள் மாடியிலிருந்து பார்த்தால் கணக்கே வேறு. கயிறு நெடுக 4.5 மீட்டரிலேயே போகும். அதற்கு மண் ஈடுகொடுக்காது, மரம் வளரும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

சத்தம் இந்தக் கயிற்றுக்குக் கட்டுப்படாது. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கின் பாதி அளவு. லாரி உறுமலின் அலைநீளம் 3 மீட்டருக்கு மேலும் போகும். அவ்வளவு பெரிய அலை மேட்டின் உச்சியில் வளைந்து இந்தப் பக்கம் இறங்கிவிடும். பார்வைக் கோட்டை மறைத்த அளவில் சுமார் 5 டெசிபல் குறையும், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்றரை டெசிபல் என்பது சாலைப் பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் அளவு. மேலே நட்ட ஒற்றை வரிசை மரங்கள் இதில் சேர்த்தியே இல்லை. மரம் சத்தத்தை விழுங்கும் என்பது ஒரு நம்பிக்கை. 10 டெசிபல் குறைய வேண்டுமானால் ஏறக்குறைய 60 மீட்டர் அகலத்துக்கு அடர்ந்த காடு வேண்டும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். எனக்குப் பிடித்த கேள்வி அதுதான்.

உலர்ந்த மணலை அள்ளி மெல்லக் கொட்டிப் பாருங்கள். கூம்பாகக் குவியும். இன்னும் கொட்டினால் கூம்பு பெரிதாகுமே தவிர, செங்குத்தாகாது. பக்கங்கள் 34 டிகிரி சுமாரில் நின்றுவிடும்; அதாவது 3 மீட்டர் கிடையாகப் போனால் 2 மீட்டர் ஏறும் சரிவு. மணலுக்கு மணல் உராய்வைத் தவிர அங்கே வேறு பிடிமானம் கிடையாது. மேலே உள்ள மணலின் எடை கீழே உள்ளதை அழுத்துகிறது, அந்த அழுத்தத்தால் உராய்வு பிறக்கிறது, உராய்வு சரிவைத் தாங்குகிறது.

இப்போது கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். அதே மணலில் செங்குத்தான சுவர் எழுப்ப முடிகிறது. தண்ணீர் பசையா என்ன? இல்லை. இரண்டு மணல்துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் தண்ணீர் ஒரு சிறு வளையமாக ஒட்டிக்கொள்கிறது. அந்த வளையத்தின் வெளிப்பரப்பு உள்வாங்கி வளைந்திருக்கும். பரப்பு இழுவிசையால், வளைந்த பரப்புக்கு உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடுகிறது. பிறகென்ன, வெளிக்காற்று இரண்டு துகள்களையும் பக்கத்துக்குப் பக்கம் நெருக்கிப் பிடிக்கிறது. மேலே சுமை ஏற்றாமலேயே உராய்வு கூடிவிடுகிறது. துகள் சிறுத்தால் இடுக்கு குறுகும், வளைவு கூர்மையாகும், பிடியும் இறுகும். வண்டல் கட்டி காய்ந்தாலும் உதிராமல் நிற்பதில் இந்தப் பிடிக்கும் பங்கு உண்டு.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 2012-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடங்கிய குழு ஒன்று மணல்கோட்டைகளை அளந்து பார்த்தது. மணலின் கன அளவில் சுமார் 1 விழுக்காடு தண்ணீர் இருந்தாலே பலம் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. பிள்ளைகள் விளையாட்டுக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இன்னும் கொடுங்கள் என்பேன். ராக்கெட்டுக்குக் கை தட்டும் நாம், வீட்டையும் சாலையையும் தாங்கும் மண்ணைப் பற்றி ஒருவர் அளந்து சொன்னால் சிரிக்கிறோம்.

தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால்? துகள் இடுக்குகள் எல்லாம் நிரம்பிவிடும். நிரம்பியதும் உள்ளே காற்று இல்லை. காற்று இல்லையென்றால் வளைந்த பரப்பும் இல்லை. உறிஞ்சிப் பிடித்த பிடி அப்படியே அற்றுப்போகிறது. இத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை, பழைய உலர்மணல் கணக்குக்குத் திரும்பியிருப்போம். ஆனால் தண்ணீர் இன்னொரு வேலையும் செய்கிறது. 2 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் நனைந்த மண் ஏறத்தாழ 4 டன். இடுக்கெல்லாம் நீர் நின்றால், அந்த ஆழத்தில் நீரின் அழுத்தமே 2 டன்னைத் தாங்கிக்கொள்ளும். தாங்குகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். துகளுக்குத் துகள் போய்ச் சேரும் சுமை மிச்சமிருக்கும் 2 டன் மட்டும். உராய்வு அந்த இரண்டுக்கு உண்டானதுதான். சரிவில் கீழ்நோக்கி இழுப்பதோ முழு 4 டன்னும். பொறியாளர் கார்ல் டெர்சாகி 1925-இல் இந்தக் கணக்கை எழுதிவைத்தார். மண் இயக்கவியல் என்ற துறையே அதன்மேல் நிற்கிறது.

பாதி உராய்வு, முழு இழுப்பு. ஆகவே நனைந்து ஊறிய மணல், உலர்ந்தபோது தாங்கிய சரிவில் பாதியைத்தான் தாங்கும். 3 மீட்டருக்கு 2 மீட்டர் ஏற்றம் என்று இருந்தது 3 மீட்டருக்கு 1 மீட்டர் என்று ஆகிவிடுகிறது. தோட்டக்கலைக்காரர்கள் மண்மேட்டுக்குச் சொல்லும் வழக்கமான சரிவும் இதேதான்: 3-க்கு 1. அவர்கள் சொல்லும் காரணம் வேறு, அதைவிடச் செங்குத்தானால் புல்வெட்டும் இயந்திரம் ஏறாதாம். முதன்முதலில் இந்த இரண்டு எண்களும் ஒன்றாக வந்ததைப் பார்த்தபோது தாளைத் திருப்பி மறுபடியும் கணக்குப் போட்டேன்.

இந்தச் சரிவுக்கு இடம் நிறைய வேண்டும். உச்சியில் 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், இரு பக்கமும் 3-க்கு 1 என்றால் அடி அகலம் 13 மீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு 14 கன மீட்டர் மண், சுமார் 25 டன். அஸ்திவாரம் தோண்டிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே அனுப்புவதைவிட அங்கேயே குவிப்பது கட்டுபவருக்கு மலிவு. மேடு எழுவதற்குப் பாதிக் காரணம் அந்த மிச்சம்தான். இன்னும் ஒரு வீட்டு மனைக்கு இடம் கிடைக்கட்டுமே என்று சரிவை நிமிர்த்தி வைக்கும் ஆசையும் அதே கையில்தான் இருக்கிறது.

மண்ணைக் கொட்டிவிட்டுப் போகக் கூடாது, மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். ஒவ்வொரு மண்ணுக்கும் நன்றாக இறுகும் ஈரம் ஒன்று உண்டு என்பதை அமெரிக்கப் பொறியாளர் ரால்ப் பிராக்டர் 1933-இல் அளந்து காட்டினார். ஆனால் அப்படி இறுகிய மண்ணில் வேர் நுழையாது. அதனால் மேலே 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இளக்கமான மேல்மண் போடுவார்கள். நான் பயப்படுவது இந்த இரண்டும் சேரும் இடத்தைப் பார்த்துத்தான். மழைநீர் இளக்கமான மண்ணில் சர்ரென்று இறங்கி, இறுகிய முகத்தில் முட்டி நிற்கும். மேலே சொன்ன கணக்கு அங்கே அரங்கேறும். மேல்மண் புல்லோடும் செடியோடும் போர்வை உருவினாற்போல் நழுவும். மேல்மண் போடுவதற்கு முன் இறுகிய முகத்தைக் கீறியோ சிறு படிகளாக வெட்டியோ விட்டால் இது பெரும்பாலும் நடக்காது. அரைநாள் பொக்லைன் வேலை.

செடிகள் எங்கே உதவுகின்றன? வேர் கம்பி மாதிரி மண்ணைத் தைத்துப் பிடிக்கிறது என்பது எல்லாரும் அறிந்தது. வெட்டிவேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம்கூடப் போகும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, செடி ஒரு பம்பு என்பது. வெயில் நாளெல்லாம் மண்ணிலிருந்து நீரை இழுத்து இலை வழியாக வெளியே விடுகிறது. இடுக்குகளில் காற்று திரும்புகிறது. அந்த வளைந்த நீர்வளையங்கள் மறுபடி உருவாகிப் பிடி இறுகுகிறது. உச்சியில் தண்ணீர் தங்காது என்பதால் அங்கே வறட்சி தாங்கும் குட்டைப் புதர்களும், ஈரம் வந்து சேரும் அடிவாரத்தில் மரங்களும் ஒத்துவரும். ஒரே இனத்தை வரிசையாக நட்டால் ஒரு பூச்சி வந்தால் திரை மொத்தமும் போகும். ஏற்கெனவே நிற்கும் பழைய மரத்தின் அடியில் மண்ணைக் குவிக்க விடாதீர்கள். அதன் உறிஞ்சும் வேர்கள் மேல்மட்டத்திலேயே இருக்கின்றன. காற்று கிடைக்காமல் சில வருடங்களில் மெல்லச் சாகும், அதற்குள் குவித்தவர்கள் போயிருப்பார்கள்.

வாசகி, கட்டுபவரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது வரைபடம்: சரிவு எத்தனைக்கு ஒன்று, உங்கள் பக்கத்து அடிவாரத்தில் வாய்க்கால் இருக்கிறதா, அது எங்கே போய் விழுகிறது. மேடு எழுந்தபின் முதல் பெருமழை ஓய்ந்ததும் குடையோடு ஒரு நடை போய்வாருங்கள். உச்சியை ஒட்டி நீளவாக்கில் ஒரு விரிசல், அடியில் தொப்பை மாதிரி ஒரு புடைப்பு, சரிவின் நடுவில் மழை நின்று இரண்டு நாளாகியும் கசிந்துகொண்டிருக்கும் ஈரத்திட்டு. மூன்றில் எது தெரிந்தாலும் படம் எடுத்து அன்றைக்கே கட்டுபவருக்கு அனுப்பிவிடுங்கள்.