நடுக்குவாதம் உள்ளவரின் பாதங்களையும் பாருங்கள்

நடுக்குவாதத்துக்கு, அதாவது பார்க்கின்சன் நோய்க்கு, மருந்து எடுக்க வருபவரிடம் எல்லோரும் கையைத்தான் பார்க்கிறார்கள். நான் செருப்பையும் கழற்றச் சொல்வேன். வன்னியில் வயலோடு வாழ்ந்த ஐயாமார் சிலருக்கு, உள்ளங்காலில் முள் ஏறிப் புண்ணானதே தெரிந்திருக்காது. "நோகேல்லையா ஐயா?" என்றால், "கால் விறைச்சுக் கனகாலம், இந்த வருத்தத்தோட வாறதுதானே" என்பார்கள். உணர்ச்சி மரத்துப்போகும் இந்த விறைப்பை அப்படி விட்டுவிடுவது எனக்குப் பெரிய கவலை.

1817இல் இந்த நோயை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்கள் பாதிக்கப்படுவதில்லை என்றே எழுதினார். இன்று அப்படிச் சொல்ல முடியாது. நடுக்கம் தொடங்கப் பல வருடங்கள் முன்பே பலருக்கு மணம் தெரியாமல் போகிறது. தோலைச் சிறிதளவு எடுத்துச் சோதித்த ஆய்வுகளில், சூட்டையும் நோவையும் உணர்த்தும் மெல்லிய நரம்பிழைகள் குறைந்திருப்பது தெரியவந்தது. மூளையில் படியும் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் தோல் நரம்புகளிலும் காணப்படுகிறது.

மருந்துக்கும் இதில் பங்கு இருக்கலாம். நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோப்பா உடலில் மாற்றமடையும்போது ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கூடுகிறது. அதைக் குறைக்க விட்டமின் பி12, ஃபோலேட், பி6 வேண்டும். லெவோடோப்பாவைக் கூடிய அளவில் நீண்டகாலம் குடிப்பவர்களில் சிலருக்கு பி12 குறைந்து, கால் நரம்புகள் பழுதடைகின்றன. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மினும் குடிப்பவர், மச்சம் சாப்பிடாதவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சீனி வருத்தமே நரம்பைக் கெடுக்கும் என்பதும் தெரிந்ததுதான். சரி, அதற்காக லெவோடோப்பாவை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் உடம்பு இறுகி, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

விறைப்பு எப்போது வருகிறது என்று கவனியுங்கள். அடுத்த குளிசைக்கு நேரம் நெருங்கும்போது வந்து, குடித்தபின் குறைந்தால், அது நடுக்குவாதத்தின் ஏற்ற இறக்கமாக இருக்கலாம். மருந்து நேரத்தை மாற்றினாலே பலருக்குச் சுகம் கிடைக்கும். இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி, மெதுவாக மேலேறி, எந்நேரமும் இருந்தால் நரம்புப் பாதிப்பைத் தேட வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: பழைய செல் (எறிகணை) காயம். அது பெரும்பாலும் காயம்பட்ட நரம்பின் பகுதியை மட்டும் விறைக்க வைக்கும். உடம்பில் செல் துண்டு இருந்தால், காந்தத்தால் படம் பிடிக்கும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லும்போது அதைக் கட்டாயம் சொல்லுங்கள். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோய்க்கும் பார்க்க வேண்டும்.

இந்த விறைப்பு ஆளை விழுத்தும். பாதத்துக்கு நிலம் தெரியாவிட்டால், நாம் கண்ணை வைத்துத்தான் சமநிலை பிடிக்கிறோம். இருட்டில் அதுவும் இல்லை. வன்னியில் பல வீடுகளில் மலசலகூடம் வளவுக்குள் தள்ளித்தான் இருக்கிறது. நடுக்குவாதக்காரர் இரவில் சலம் போகப் பலமுறை எழும்புவார். போகும் பாதையில் ஒரு பல்ப் போடுங்கள், பிடித்து நடக்கக் கயிறோ கம்போ கட்டுங்கள். காலில் கழன்றுபோகாத, பின்வார் உள்ள செருப்பு நல்லது. தினமும் பின்னேரம் கால் கழுவும்போது வீட்டில் ஒருவர் உள்ளங்காலைப் பார்க்கட்டும்.

அடுத்த கிளினிக்கில் கால் விறைப்பை நீங்களே வாய்விட்டுச் சொல்லி, பி12 பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். குறைவென்றால் ஊசியோ குளிசையோ தருவார்கள். பார்மசியில் கண்டபடி நரம்புக் குளிசை வாங்க வேண்டாம். பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைப் பழுதாக்கும்.