எச்.ஐ.வி. மருந்துக்குக் காசு வேண்டாம்

பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் நான்கு மாதம் எந்த டாக்டரிடமும் போகவில்லை. மாசாமாசம் மருந்து வாங்கக் காசுக்கு எங்கே போவது என்ற பயம். அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. ஏனென்றால் மலேசியக் குடிமக்களுக்கு சிகிச்சையில் முதலில் கொடுக்கும் எச்.ஐ.வி. மருந்துகளை அரசாங்கம் 2006 முதல் இலவசமாகத் தருகிறது.

கையிலிருந்து போவது பதிவுக் கட்டணம்தான். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. அடையாள அட்டையோடு பக்கத்து கிளினிக்குக்குப் போங்கள். பரிசோதனையையும் அங்கேயே செய்யலாம். உடம்பு மோசமாகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, சீக்கிரம் தொடங்குவதுதான் நல்லது. வெளிநாட்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

மருந்தைத் தினமும் விடாமல் சாப்பிட வேண்டும். இடையிடையே விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் வேறு மருந்துக்கு மாற வேண்டிவரும். உங்கள் மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். கேஸ்ட்ரிக்குக்குக் குடிக்கும், அலுமினியமோ மெக்னீசியமோ கலந்த மருந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும். அதற்கு 2 மணி நேரம் முன்னால், அல்லது 6 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிரைப் போடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் வெறும் வயிற்றில் இதோடு சேர்த்துப் போடக் கூடாது.

ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. கர்ப்பிணிகளுக்கு அரசு கிளினிக்குகளில் 1998 முதல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்ததற்காக, 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றே கொடுத்தது.

சரி, மருந்து கவுண்டரில் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? நம் ஆட்கள் பலர் பாதியில் நிற்பதே இதனால்தான். அரசு மருந்தகங்களில் எஸ்.பி.யு.பி. என்றொரு ஏற்பாடு இருக்கிறது. சிகிச்சை ஓரிடத்தில் நடந்தாலும், அடுத்தடுத்த மாத மருந்தை வேறொரு அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ வாங்கிக்கொள்ளலாம். வேலைக்காகக் கோலாலம்பூருக்கு மாறுகிறவர்களுக்கும் இது கைகொடுக்கும். முதல் மாத மருந்தை வாங்கும்போதே கவுண்டரில் கேட்டுவிடுங்கள். அந்த அக்காவும் இப்படித்தான், பினாங்குத் தீவில் தான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்கிறார்.