மண்வாரி வருவதற்கு முன்னால்

என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் கைப்பேசியைத்தான் நீட்டுவார்கள். தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, பின்னால் இருக்கும் பச்சைத் திடலில் மண்வாரி நிற்கும் படம். "அது அரசாங்க நிலம்தானே லாயர், எப்படி உள்ளே விட்டாங்க?"

அரசாங்க நிலம் என்பதால்தான் விட முடிந்தது! மலேசியாவின் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் நிலத்தை ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. கோலாலம்பூரில் அது கூட்டரசின், அதாவது மத்திய அரசின் கையில். அந்தக் கையைக் கொஞ்சமாவது கட்டுவது 62-ஆம் பிரிவு. இந்த நிலம் இன்ன பொதுத் தேவைக்கு, இன்ன அதிகாரியின் பொறுப்பில் ஒதுக்கப்பட்டது என்று கெஜட்டில் (அரசிதழில்) வந்துவிட்டால், அந்த ஒதுக்கீட்டை நீக்க 64-ஆம் பிரிவின்படி அறிவிப்பும் விசாரணையும் வேண்டும்.

கெஜட் ஆனாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது. கோலாலம்பூர் நடுவில் இருக்கும் புக்கிட் நானாஸ் குன்று 1906-லேயே வனக் காப்பகமானது. அன்று 17.5 ஹெக்டேர், இன்று 10 ஹெக்டேர்கூட இல்லை. கேஎல் கோபுரம் நிற்பதே அந்தக் குன்றில்தான்.

கோலாலம்பூரில் இருக்கும் தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் கதை நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கம். அது ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். தோட்டம் கைமாறியதும் அங்கே ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்களை 1980-களில் பக்கத்திலேயே நீள்வீடுகளில் குடிவைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். அப்புறம் பூங்காவில் எட்டு சொகுசு அடுக்குமாடிகள், கூடவே இந்தக் குடும்பங்களுக்கு ஒரு கட்டடம் என்று திட்டம் வந்தது. பூங்காவுக்காகப் பேசியவர்கள் ஏழையின் வீட்டைத் தடுப்பவர்கள்போல ஆனார்கள். வீட்டையும் பூங்காவையும் ஒரே முடிச்சில் போட்டதுதான் அதில் பெரிய அநியாயம் என்பேன். அந்த நிலத்தைப் பூங்கா என்று குறித்திருந்த கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் வழக்கில் கைகொடுத்தது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேம்பாட்டு அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

அதனால் படம் பிறகு எடுக்கலாம். முதலில் லாட் எண்ணை, அதாவது அந்த மனையின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். நில அலுவலகத்தில் தேடல் விண்ணப்பம் போடுங்கள், கெஜட் எண் கேளுங்கள், நகரத் திட்ட வரைபடத்தில் அந்த இடத்துக்கு என்ன நிறம் என்று பாருங்கள். ஆட்சேபணை எழுதினால் உங்கள் வீட்டு முகவரியோடு தனித்தனியாக எழுதுங்கள். முந்நூறு கையெழுத்து போட்ட ஒரே மனுவை ஒரே கடிதமாக எண்ணிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

போன மாதம் ஒரு பெரியவர் படமே இல்லாமல் வந்தார். ஒரு துண்டுச் சீட்டில் லாட் எண் மட்டும். தேடிப் பார்த்தோம், திடலில் பாதிதான் கெஜட் ஆகியிருந்தது. மீதிப் பாதிக்காக இப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். மண்வாரி இன்னும் வரவில்லை.